நாலு கிரேட் பீச் பழம் அனுப்பிய தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பீச் பழம் வந்து சேர்ந்தது என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டதுதான் நிறைய. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், அடுத்த வருஷம் அதையேதான் செய்வாய். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். உன்னைப் போல மலைமேலே மரம் வைத்துக்கொண்டு கீழே இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பழம் அனுப்புகிற நாலு பேர் படித்தாலும் நல்லதுதான்.

கோத்தகிரியில் காலையில் ஏற்றிய பழம், மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, கோபிக்கு வரும்போது மதியம் மூணு மணி. கத்திரி வெயில் நேரம். மாமா ஆட்டோவில் கொண்டுவந்து திண்ணையில் இறக்கியதுமே தெரு முழுக்க வாசம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இது என்ன பழமுங்க, ஆப்பிளுக்கு மயிர் மொளைச்ச மாதிரி இருக்குது?" என்று கேட்டார். எனக்கோ அந்த வாசத்தில் வயிற்றைக் கலக்கியது. மொத்தம் அறுபது கிலோ. பாதிக்கு மேல் அன்றைக்கோ மறுநாளோ தின்று தீர்க்க வேண்டிய பதம். அடியில் இருந்த கிரேட்டில் பழம் நசுங்கிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே எறும்பு வந்துவிட்டது.

கரடி வருகிறது என்று ஒரே நாளில் அத்தனையும் பறித்துவிட்டதாகச் சொன்னாய். கரடியைப் பற்றி நான் ஒன்றும் பேச மாட்டேன், அது உன் பாடு. ஆனால் ஒரே மரத்துப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை என்று பத்து வருஷமாக அந்த வீட்டில் இருக்கிற உனக்குத் தெரியாதா?

அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் கூடத்தில் பாயை விரித்துப் பழத்தைப் பிரித்தேன். நசுங்கியது, கனிந்தது, செங்காய், பச்சைக்காய் என்று நாலு குவியல். அன்று பிரிக்காமல் விட்டிருந்தால் எல்லாமே ஒரு குவியல்தான், குப்பைக் குவியல். பீச்சும் மாம்பழம் மாதிரி பறித்த பிறகும் பழுக்கிற சாதி. கனிந்த பழம் பக்கத்தில் கிடந்தால் செங்காயும் அவசரப்பட்டுப் பழுத்துவிடும். பிரிக்கும்போது சிவப்பை நம்பி ஏமாறாதே. வெயில் படுகிற பக்கம் காயிலேயே சிவந்துவிடும். காம்பைச் சுற்றி இருக்கிற அடிநிறத்தைப் பார்க்க வேண்டும். பச்சை விலகி வெளிர்மஞ்சளாகத் திரும்பியிருந்தால் அது செங்காய். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம். அழுத்திய இடம் மறுநாள் கறுத்துவிடும்.

செங்காயில் ஒரு தப்புச் செய்தேன். இடமில்லாத வீட்டில் எங்கே வைப்பது என்று பத்துக் கிலோவைத் தூக்கி ஃபிரிட்ஜில் அடைத்தேன். நாலைந்து நாள் கழித்து வெளியே எடுத்துப் பழுக்க வைத்தால் மேலே அழகாக இருக்கிறது, கடித்தால் மாவு. சாறே இல்லை, ஈரப் பஞ்சைத் தின்கிற மாதிரி. அப்புறம்தான் விசாரித்தேன். பழுக்காத பீச்சுக்கு 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் ஆகாதாம். வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அந்தக் குளிரில்தான் ஓடுகிறது. வெளியே பழுக்கவைத்துவிட்டு, கனிந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு உள்ளே வைக்கலாம். செங்காயை மட்டும் வைக்கவே கூடாது. மிச்சம் இருந்ததைக் காகிதத்தில் பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் அதிலிருந்துதான் பறித்த ருசியில் பழம் தின்றோம்.

கனிந்ததெல்லாம் ஜாமுக்கு. தோல் உரிக்கக் கத்தி வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். ஒரு கிலோ சதைக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழம். கொய்யா மாதிரி பீச் தானாக இறுகாது, ஜாமை இறுகவைக்கிற பெக்டின் இதில் குறைவு. பச்சைக்காயில் நாலைந்தைத் துருவிச் சேர்த்தேன், எலுமிச்சை விதைகளைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும், அதுதான் பதம்.

முதல் சட்டிக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை, பீச்சுக்கு மட்டும் ஆகாதா என்ற எண்ணம். வந்தது ஜாம் இல்லை, பஞ்சாமிர்தத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி. நிறம் கருப்பட்டி, வாசம் முழுக்கச் சர்க்கரையுடையது, பீச் எங்கேயோ பின்னால் நிற்கிறது. மாமாவும் பிள்ளைகளும் தோசைக்குத் தொட்டு இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள். அது வேறு விஷயம். பீச்சின் வாசம் வேண்டும் என்றால் வெள்ளைச் சர்க்கரைதான், இதில் எனக்கு நாட்டுப்பற்று கிடையாது.

பாட்டிலில் பாகு ஊற்றி அடைத்தது பற்றிக் கேட்டாய். நீ அனுப்பியதில் மஞ்சள் சதைப் பழமும் இருந்தது, வெள்ளைச் சதைப் பழமும் இருந்தது. பாகில் அடைக்க மஞ்சள் மட்டும்தான். வெள்ளைச் சதையில் புளிப்பு குறைவு. காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலில் அந்தப் புளிப்புக் குறைவு ஆளையே கொல்கிற கிருமிக்கு வசதியாகிவிடும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. வெள்ளையை அன்றன்றைக்குத் தின்றோம், மிஞ்சியதை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி ஃபிரீசரில் வைத்தேன். மஞ்சள் பழத்தைப் பாதியாக வெட்டி, லிட்டருக்கு அரைக் கிலோ சர்க்கரை போட்ட பாகில் ஒரு கொதி விட்டு, சூடான அரை லிட்டர் பாட்டிலில் மேலே அரை அங்குலம் விட்டு நிரப்பினேன். மூடி புதுசாக இருக்க வேண்டும். அடியில் துணி போட்ட பாத்திரத்தில், பாட்டில் முழுகக் கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிஷம். ஆறிப்போன பாட்டில் ஒன்றை அவசரத்தில் கொதிநீரில் இறக்கிவிட்டேன், பட்டென்று வெடித்தது.

இந்த 20 நிமிஷத்தை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கோபி கடல் மட்டத்துக்கு 700 அடி மேலே. உன் வீடு ஏறக்குறைய 6,000 அடி. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. 35 நிமிஷம் வை. பருப்பு வேக நேரமாகிறது என்று உன் வீட்டில் சலித்துக்கொள்வதும் இதனால்தான், குக்கரைக் குறை சொல்லாதே.

பச்சைக்காய்தான் இந்த வருஷத்து ராஜா. தோல் சீவி, துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டுத் தொக்காகக் கிளறினேன். மாங்காய் அளவுக்குப் புளிப்பு இல்லை, நெல்லிக்காய் அளவு புளி கரைத்து விட வேண்டியிருந்தது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இதைத் தொட்டுச் சாப்பிட்ட மாமா, "இனிமே காயாவே அனுப்பச் சொல்லு" என்றார். அம்மிச்சி இருந்திருந்தால் இதையும் வத்தல் போட்டிருப்பாள்.

வத்தல் என்றதும் காங்கேயம் நினைவு வருகிறது. அங்கே சித்தப்பாவின் தேங்காய்க் களம் சும்மா கிடக்கிறது, நல்ல வெயில் என்று 7 கிலோ துண்டுகளைக் கொண்டுபோய் வலை மூடிக் காயவைத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் கோடை மழை. அள்ளிக்கொண்டு ஓடி, மறுபடி பரப்பி, நாலாம் நாள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. கறுத்திருக்கும், பயப்படாதே. கடையில் பளிச்சென்று இருப்பது கந்தகப் புகை போட்டது. கறுப்பைவிட எனக்கு உறுத்துவது அதில் லேசாகக் கொப்பரை வாசம் வருவதுதான்.

நசுங்கியதை வடிகட்டிக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குச் சர்பத். தோலும் சக்கையும் மாட்டுக்குப் போனது, கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பிறகு. கொட்டையை உடைத்தால் உள்ளே வாதுமை மாதிரி பருப்பு இருக்கும், அதைத் தின்னக் கூடாது, சயனைடு சேர்ந்தது. உன் பையன் கல்லால் உடைத்துக்கொண்டிருந்ததைப் போன தடவை பார்த்தேன். கவாத்து செய்த கிளையை ஆட்டுக்குப் போடுவதும் வேண்டாம், வாடிய இலையிலும் அதே விஷம்.

அப்படியும் பத்துப் பன்னிரண்டு கிலோ குழியில் கொட்டினேன். எனக்கு ஆற்றாமை அதில்தான். அவை என் அடுப்படிக்கு வந்து கெட்டவை அல்ல, மரத்திலேயே முற்றக் கனிந்துவிட்டவை. அவற்றைக் கிரேட்டில் அடுக்கி 5,000 அடிக்கு மேல் இறக்கிக் கொண்டுவரவே கூடாது. கனிந்ததை அங்கேயே தின்னுங்கள், அக்கம்பக்கம் கொடுங்கள், கரடிக்கே விடு. பஸ் ஏற வேண்டியது செங்காய். இரண்டு வாரத்தில் நாலு தடவையாகப் பறி, ஒரு தடவைக்கு ஒரு கிரேட், இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், நடுவே வைக்கோல் போடு. அடுத்த வருஷம் காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே, கிளையில் அரை அடிக்கு ஒன்று விட்டு மற்றதை உதிர்த்துவிடு. மனசு வராது, தெரியும். ஆனால் இந்த வருஷப் பழத்தில் பாதி எலுமிச்சை அளவுதான் இருந்தது, கொட்டையைக் கழித்தால் என்ன மிஞ்சும் சொல்.

கிரேட் நாலையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாமா மேலே வருகிறார். ஒன்றில் தொக்கு, இரண்டு பாட்டில் பீச், நாட்டுச்சர்க்கரை ஜாமில் நான் ஒளித்து வைத்த கடைசிப் பாட்டில். தொக்கை முதலில் தீர்த்துவிடு, எண்ணெய் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது.

அக்கா
கோபிசெட்டிபாளையம்