14 இன்ச்சா, 15.6 இன்ச்சா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரிகள் திறக்கும் வரை எங்கள் தாம்பரம் கடையில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "சின்ன லேப்டாப் வாங்கலாமா, பெருசு வாங்கலாமா?" கூட்டம் நெரிக்கும் மாலை நேரத்தில் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்டவரும் அரைமனதோடு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பெட்டியைப் பிரித்து நாலு நாள் ஓட்டிவிட்டு "மாத்திக் கொடுங்க" என்று வந்தால் எங்களுக்குத் தர்மசங்கடம். பிரித்த பெட்டியை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் வாங்குவதற்கு முன்பே படிக்கட்டும் என்று இதை எழுதுகிறோம்.

போன மாதம் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கையடக்கமாக வேண்டும். அப்பாவோ, "ஒரே விலைக்குப் பெருசே கிடைக்குதே சார், எதுக்குச் சின்னதுக்குக் காசு கொடுக்கணும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதே பிராசசர் (லேப்டாப்பின் மூளை), அதே ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), அதே எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) என்று பார்த்தால் 15.6 இன்ச் பல சமயம் அதே விலைக்கு வரும், சில மாடல்களில் குறைவாகவே வரும். உள்ளே இடம் தாராளமாக இருப்பதால் தயாரிப்பது சுலபம். சின்ன உடம்புக்குள் எல்லாவற்றையும் திணித்து, எடையையும் குறைப்பதற்குத்தான் செலவு அதிகம். தங்க நகை மாதிரி எடைக்கு எடை விலை போடும் சரக்கு இல்லை இது.

அவர் இன்னொன்றும் சொன்னார்: பெரிய திரை என்றால் எக்செல்லில் நிறைய வரிசை தெரியுமே என்று. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 14 இன்ச், 15.6 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. பரப்பில் பெரியது கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல்தான். ஆனால் இரண்டிலும் 1920க்கு 1080 புள்ளிகள் என்றால், எழுத்து அளவு செட்டிங்கும் ஒன்றாக இருந்தால், சின்னதில் தெரியும் அதே வரிசைகள்தான் பெரியதிலும் தெரியும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கூடுதல் வரிசை வேண்டும் என்பவர்கள் இன்ச்சை விட்டுவிட்டு 1920க்கு 1200 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் திரை சற்று உயரமாக இருக்கும், எக்செல்லில் ஐந்தாறு வரிசை அதிகமாகக் காட்டும். இப்போது வரும் 14 இன்ச் பலவற்றில் இது இருக்கிறது. வெள்ளெழுத்து வந்தவர்கள் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டுப் பெரியதையே எடுங்கள். கண்ணாடியைத் தேடும் நேரமாவது மிச்சம்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஆறு லேப்டாப் கேட்டார்கள். பையன்கள் கம்பெனி கம்பெனியாகப் போய் ஆடிட் பார்ப்பவர்கள், லேசாக இருக்கட்டும் என்று நாங்களாகவே 14 இன்ச் எடுத்துக் கொடுத்தோம். மறுநாள் காலை பத்தரைக்கு போன். "நம்பர் பேட் எங்கேங்க?" டேலி என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவருக்கு வலது கைப் பக்கத்து எண் விசைகள் இல்லையென்றால் கையொடிந்த மாதிரி. 14 இன்ச்சில் அநேகமாக அது வராது, 15.6-ல் பெரும்பாலும் வரும். கேட்காமல் கொடுத்தது எங்கள் தவறு என்பதால் யுஎஸ்பி நம்பர் பேட் ஆறு வாங்கிச் சும்மா கொடுத்தோம். அதிலிருந்து "டேலி போடுவீங்களா?" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.

அதே நம்பர் பேட் வேறு சிலருக்குத் தொல்லை. அது வலப்பக்கம் உட்கார்ந்துகொள்வதால் மற்ற விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். நாள் முழுக்க எழுத்து வேலை செய்கிறவர்கள் உடம்பைக் கொஞ்சம் திருப்பியே உட்கார வேண்டியிருக்கும். 14 இன்ச்சில் விசைகள் நெருக்கமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், அநேக மாடல்களில் விசைகளுக்கு இடையே உள்ள தூரம் பெரியதில் இருப்பதேதான்.

சரி, எடைக்கு வருவோம். கடைக் கவுண்டரில் ஒரு எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறோம். பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி புதுசு வாங்கியபோது கொடுத்த பழசு. லேப்டாப்பைத் தனியாக வைக்காமல் சார்ஜரோடு சேர்த்து வைப்போம். சாதாரண 14 இன்ச் 1.7 கிலோ பக்கம் காட்டும். சாதாரண 15.6 இரண்டு கிலோ பக்கம். வித்தியாசம் முந்நூறு கிராம், ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். கேமிங் லேப்டாப்பை வைத்தால் கதையே வேறு: மெஷின் 2.3, 2.4 கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் இன்னொரு அரை முக்கால் கிலோ. மூன்று கிலோ என்று தராசு காட்டும்போது பையன்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். பெரிதெல்லாம் கனம் என்றும் இல்லை. எல்ஜி கம்பெனியின் 'கிராம்' என்ற லேப்டாப் வரிசையில் 17 இன்ச் மாடலே 1.35 கிலோ அளவில்தான் வந்தது. விலையைக் கேட்டால்தான் கனம் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் கிண்டிக்கும் எழும்பூருக்கும் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். காலை எட்டரை மணி வண்டியில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உட்கார இடம் கிடைத்து மடியில் விரித்தால், 36 சென்டிமீட்டர் அகல 15.6 இன்ச் மெஷினின் ஓரம் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும். இவர்களுக்கு நாங்கள் யோசிக்காமல் 14 இன்ச்தான் சொல்வோம்.

என்ஜினீயரிங் மாணவர்களுக்கு அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது. சின்னதும் பெரியதும் ஒரே பிராசசர் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தாலும் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல் பிராசசரில் யூ என்று முடிந்தால் பெரும்பாலும் அடிப்படையாக 15 வாட்டில் ஓடும் ரகம், ஹெச் என்றால் அதைவிட அதிகம், பல மாடல்களில் 45 வாட். வாட் கூடினால் சூடு கூடும், அந்தச் சூட்டை வெளியே தள்ளக் காற்றாடிக்கும் செப்புக் குழாய்க்கும் இடம் வேண்டும். ஒல்லியான உடம்பில் அது போதாவிட்டால் பிராசசர் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். பிரவுசர், வேர்ட், சி, பைத்தான் மாதிரி புரோகிராமிங் பழகுவதற்கெல்லாம் இது தெரியவே தெரியாது. சாலிட்வொர்க்ஸ் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர், வீடியோ எடிட்டிங் என்று மணிக்கணக்கில் ஓட்டினால் தெரியும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு நாங்கள் பெரியதைச் சொல்வது அதனால்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றாலே கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று எந்தச் சீனியர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ரேம் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒல்லியான லேப்டாப்களில் ரேமைப் பல சமயம் போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். ரெண்டு வருஷம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம் என்று வந்தால் கூட்டுவதற்கு இடமே இருக்காது. எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கிறதா என்று எங்களைக் கேளுங்கள், இல்லையென்றால் முதலிலேயே 16 ஜிபியாக வாங்கிவிடுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 100 வாட்-ஹவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் சேரும் என்பதன் அளவு) வரையுள்ள லேப்டாப் பேட்டரியை விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். பெரிய மெஷின்களில் பேட்டரி 99.9-ல் வந்து நிற்பதன் ரகசியம் அதுதான்.

இரண்டுங்கெட்டானாக நிற்பவர்களுக்கு எங்கள் யோசனை, கையில் 14 இன்ச், வீட்டு மேஜையில் 24 இன்ச் மானிட்டர். சுமார் பத்தாயிரம் ரூபாய்க்கு வரும் மானிட்டரோடு எந்த 15.6-ம் போட்டி போட முடியாது. வியாபாரத்துக்காகச் சொல்கிறோம் என்று நினைத்தால், உங்கள் டிவியிலேயே ஒரு ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

அந்த அப்பாவும் மகளும் கடைசியில் 14 இன்ச்தான் எடுத்தார்கள். நாங்கள் பெரிதாக எதுவும் பேசவில்லை. அந்தப் பெண் கொண்டுவந்திருந்த காலேஜ் பையில் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னோம், 15.6 போட்டதும் ஜிப் மூடவில்லை. அதனால் நீங்களும் வரும்போது தினமும் தூக்கும் பையையே கொண்டு வாருங்கள். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் உள்ளேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடையிலிருந்து