மலைக்கு வரட்டும் அந்தக் கட்டுவிச்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மந்திரம் அறிந்த இளம்பெண் ஒருத்தியைத் தலைவியாகக் கொண்ட ஆங்கிலக் காதல் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மதிப்புரை வெளியாகியிருந்தது. அதை எழுதியவர் நூலைப் பொழுதுபோக்குக் குப்பை என்று இரண்டு பத்திகளில் ஒதுக்கிவிட்டு, இத்தகைய கதைகள் பில்லி சூனிய நம்பிக்கையை வளர்க்கும் என்ற எச்சரிக்கையோடு முடித்திருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் நீலகிரியின் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையிலும், அந்த நாவலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் என்ற முறையிலும் இதை மறுத்து எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். அந்நூலில் குறை உண்டு. ஆனால் அது மதிப்புரையாளர் சுட்டிய இடத்தில் இல்லை.

மண் சரிவால் மேட்டுப்பாளையம் மலை ரயில் நின்றுபோயிருந்த ஐப்பசி மழை நாள்களில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியின் பையிலிருந்து அந்நூலை எடுத்தேன். மூன்று நாளில் முடித்தேன். பெருநகரத்து அடுக்ககம் ஒன்றில் வாழும் தலைவி பகலில் பூக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் மின்தூக்கி நடுவழியில் நின்றுவிடும்; மனம் இளகினால் கடையில் வாடிய பூக்கள் மறுபடி நிமிரும். அடிக்கடி நிற்கும் அந்த மின்தூக்கியைச் சோதிக்க வரும் பொறியாளர்தான் தலைவன். எதையும் அளந்து பார்த்தே நம்புகிறவன் அவன். அவனிடம் தன் ஆற்றலை மறைக்க அவள் படும் பாடும், மறைக்க முடியாமற்போகும்போது விளையும் சிரிப்பும்தான் கதை. ஏழு கடல் தாண்டிய தீவும் கிளிக்குள் ஒளித்து வைத்த உயிரும் இதில் இல்லை. பேருந்து நிறுத்தத்திலும் வாடகை பாக்கியிலும் மந்திரம் நிகழ்கிறது. தன்னிடம் உள்ள திறமையை வெளியே காட்டினால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி அடக்கி வைத்துக்கொண்ட பெண்களை என் வகுப்பறைகளில் நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியைத்தான் அந்தத் தலைவியிடம் கண்டேன்; இறுதியில் எதையும் மறைக்காமலேயே அவள் நேசிக்கப்படுகிறாள் என்று படித்தபோது என் கண் கலங்கியது.

இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு எவரும் செய்வினை எடுக்க ஓடமாட்டார்கள். மூடநம்பிக்கைக்கு உணவு அச்சம். வீட்டில் யாரோ தகடு புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அதை எடுப்பதற்குப் பணம் கேட்கிறவன் அந்த அச்சத்தை வளர்க்கிறான். மந்திரம் அறிந்தவள் வாடகைக்கும் காதலுக்கும் தவிக்கும் சாதாரணப் பெண்தான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதையோ அந்த அச்சத்தைக் கரைக்கிறது.

என் வருத்தம் மொழிபெயர்ப்பில் உள்ள ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. தலைவியைக் குறிக்க நூல் முழுவதும் 'சூனியக்காரி' என்ற சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. தலைவன் காதல் மேலிட்டு 'என் சூனியக்காரியே' என்று அழைக்கும் இடத்தில் தமிழ் வாசகரின் உள்ளம் எப்படிக் குழையும்? நம் மொழியில் சூனியக்காரி என்பவள் பிறர் குடியைக் கெடுப்பவள். அச்சொல்லைச் செல்லமாகச் சொல்லும் வழக்கு நம்மிடம் இல்லை. 'விட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு காலத்தில் இதைவிடக் கொடியதாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் சேலம் என்னும் ஊரில் 1692-93இல் நடந்த விசாரணைகளில் பத்தொன்பது பேர் அச்சொல்லால் தூக்கிலிடப்பட்டார்கள். மூன்று நூற்றாண்டுகள் கடந்து, அந்தக் கொலைகளை எண்ணி வெட்கப்பட்ட பிறகே, அமெரிக்கர்களால் அதை விளையாட்டாகச் சொல்ல முடிகிறது. நம் நாட்டிலோ பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் அசாம் 2015இலும் பெண்களைச் சூனியக்காரி என்று பழித்துக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கவே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இச்சொல்லைச் சூட்டிப் பெண்களை அடித்துக் கொல்வது நம் காலத்திலும் நிற்கவில்லை என்பதைத்தான் இச்சட்டங்கள் காட்டுகின்றன.

இதை நான் குன்னூரிலிருந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்த மலையின் பழங்குடியினரான குறும்பர் மக்கள் மந்திரம் வைப்பவர்கள் என்று பிற சமூகத்தாரால் நெடுங்காலம் அஞ்சப்பட்டார்கள். விதைப்புக்கு முன் சடங்கு செய்யவும் தேனுக்கும் மூலிகைக்கும் அவர்களையே அழைத்தவர்கள், ஊரில் நோய் பரவினாலும் மாடு இறந்தாலும் அவர்களையே பழித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தேகத்தால் குறும்பர் குடும்பங்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கின்றன; தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலேயே அத்தகைய கொலைகள் பதிவாகியுள்ளன. என்னிடம் படித்த குறும்பர் பிள்ளைகளைச் சக மாணவர்கள் இதே சொல்லால் சீண்டியதையும், அந்தப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு வராமல் இருந்ததையும் நான் அறிவேன். மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கோத்தகிரிச் சரிவில் வாழும் ஒரு குறும்பர் மாணவி அந்நூலைத் திறந்தால் அவள் எதைப் படிப்பாள் என்பதையும் அவர் எண்ணியிருக்க வேண்டும்.

வேறு சொல் நம்மிடம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவி காதலால் மெலியும்போது, காரணம் அறியாத தாய் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். குறுந்தொகையின் 23ஆம் பாடலில் இந்தக் குறி சொல்லும் பெண் 'அகவன் மகள்' எனப்படுகிறாள். அவள் மலைகளைப் பாடிக்கொண்டு வரும்போது, தலைவனுடைய குன்றைப் பாடிய பாட்டை மட்டும் மறுபடி பாடு என்று தோழி கேட்கிறாள். நோய்க்குக் காரணம் கட்டுவிச்சி குறியில் சொல்லும் முருகன் அல்லன், அந்தக் குன்றுக்கு உரியவன்தான் என்பது தோழிக்குத் தெரியும், நமக்குத் தெரியும்; அருகில் நிற்கும் தாய்க்குத்தான் தெரியாது. மந்திரமும் காதலும் குறும்பும் ஒரே பாட்டில் இதைவிட அழகாகக் கூடிய இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னர் வந்த குறவஞ்சி நூல்களில் இவளே குறத்தியாக வந்து, தலைவியின் கையைப் பார்த்து அவள் காதலைச் சொல்கிறாள். அதோடு கதை முடிவதில்லை. குறத்தியைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகிறான். காலில் கிடக்கும் நகை ஒவ்வொன்றையும் பார்த்து இது என்ன, அது என்ன என்று அவன் கேட்பதும் அவள் அதற்கு விடை சொல்வதும் மேடையில் இன்றும் கைதட்டல் பெறும் காட்சி. மந்திரம் அறிந்த பெண்ணுக்கே ஒரு காதல் கதை, அதுவும் நகைச்சுவையோடு! மதிப்புரையாளர் மேலைநாட்டுக் குப்பை என்று கருதிய வகைக்கு நம் வீட்டிலேயே மூத்த உறவு இருக்கிறது.

ஆதலால் அடுத்த பதிப்பில் 'கட்டுவிச்சி' என்றோ, அது பழமையாகத் தோன்றினால் 'மந்திரக்காரி' என்றோ திருத்தும்படி பதிப்பகத்தாரைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதற்சொல்லே என் விருப்பம். வழக்கொழிந்த சொல் என்பதே அதன் நன்மை. அதைச் சொல்லி இந்த நாட்டில் யாரையும் எவரும் அடித்ததில்லை.

இன்னும் ஒரு விண்ணப்பம் உண்டு. இத்தகைய கதையைத் தமிழிலேயே, இந்த மலையிலேயே ஒருவர் எழுத வேண்டும். குறிஞ்சித் திணைக்குப் பொழுது யாமமும் கூதிரும் முன்பனியும் என்றும், உரிப்பொருள் புணர்தல் என்றும் இலக்கணம் வகுத்தவர்கள் நாம். காதலை மலையில் வைத்தவர்கள் நாம். உதகையின் சேரிங் கிராஸ் அருகே நீலகிரித் தைலம் விற்கும் கடையில் ஒரு கட்டுவிச்சி இருக்கட்டும். அவள் பெருமூச்சு விட்டால் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து கமர்ஷியல் சாலையை மூடட்டும். இ-பாஸ் எடுத்து மலையேறி வரும் கோவை இளைஞன் ஒருவனின் வண்டி, அவள் கடை வாசலைத் தாண்ட மறுக்கட்டும். 2018இல் பூத்த குறிஞ்சி காலம் தவறி, அவள் வீட்டுப் பின்புறத்தில் மட்டும் ஒரு செடியில் பூக்கட்டும். அவள் அதைத் தாவரவியல் பூங்காக்காரர்கள் கண்ணிலிருந்து மறைக்கத் திண்டாடட்டும். எழுதுகிறவர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மர்மம் கூட்டுவதற்காகத் தலைவியைப் பழங்குடிப் பெண்ணாக்க வேண்டாம். குறும்பர் பெண்ணின் கதையை ஒரு குறும்பர் பெண்ணே எழுதுவாளானால், அதில் மந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

ஞாயிறு இணைப்பில் முன்பு தொடர்கதைக்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து, மலை மாவட்டத்தின் இளம் எழுத்தாளர்களிடமிருந்து இப்படிப்பட்ட கதையைக் கேட்டு வாங்கி வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். கைப்படிகளில் பிழை திருத்த ஆள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் இன்றி அப்பணியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.