முறைப்பாடு செய்தவருக்கு யார் காவல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்நிறுத்தக் கண்காணிப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். உக்ரைன், லெபனான் என்று விரிவாகப் பேசிய கட்டுரையாளர் இலங்கையை ஒரே பந்தியில் முடித்துவிட்டார்: நோர்வேக்காரர் வந்தார்கள், மீறல்களை எண்ணினார்கள், அதிகாரம் இல்லாததால் தோற்றுப்போனார்கள். ஆளில்லா விமானங்களும் செய்மதிப் படங்களும் அன்று இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று ஒரு வரி வேறு. 2002 முதல் 2008 வரையான அந்த ஆறு ஆண்டுகளும் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆசிரியையாக இருந்தவள் நான். அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்களுக்கு நேர்ந்த முதல் குறை அதுவல்ல.

முதலில் ஒரு நன்றிக் கடன். 2002 பெப்ரவரி 22இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனும் ஒப்பமிட்ட போர்நிறுத்த உடன்படிக்கை மறுநாளே நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. ஆண்டுக்கணக்காக ஊரைக் காணாதவர்கள் பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் ஆயுதமின்றி வந்தார்கள். (எங்கள் ஊருக்கு ஐஸ்லாந்துக்காரரும் 'நோர்வேக்காரர்'தான்.) ஷெல் சத்தமில்லாத இரவுகளை எங்கள் மாணவர்களில் பலர் அப்போதுதான் முதன்முதலாக அறிந்தார்கள். இதை மறந்துவிட்டுக் கண்காணிப்புக் குழுவைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். 2007 ஏப்ரல் இறுதி வரை விடுதலைப் புலிகள் செய்தவையாகக் குழு தீர்மானித்த மீறல்கள் 3,830. அரசாங்கம் செய்தவை 351. இந்த இரண்டு எண்களையும் ஒரு சாரார் மேடை மேடையாகக் கொண்டு திரிந்தார்கள். மறு சாரார் குழுவே பக்கச்சார்பானது என்றார்கள். எண்களுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் சிலரே. புலிகளின் கணக்கில் மிகப் பெரிய பகுதி சிறுவர்களைப் படையில் சேர்த்தது. அதை மூடிமறைக்க எனக்கு மனமில்லை. என் வகுப்பறையிலேயே மேசைகள் வெறுமையாகின. ஆனால் சோதனைச்சாவடியில் ஒருவருக்கு இழைக்கப்பட்ட தொல்லையும் ஒரு மீறல்தான். 2006 ஓகஸ்டில் திருகோணமலை மாவட்டத்து மூதூரில் பதினேழு தொண்டு நிறுவனப் பணியாளர்களைச் சுட்டுக் கொன்றதும் ஒரு மீறல்தான். இப்படிக் கூட்டிய தொகையை வைத்து எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று தீர்ப்பெழுத முடியுமா?

அந்தக் கணக்கில் ஏறாமலே போனவர்கள் இன்னொரு கூட்டம். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்த பிறகு கிழக்கில் நடந்ததைப் பத்திரிகைகள் ஒரே சொற்றொடரில் எழுதின: 'இனந்தெரியாத ஆயுததாரிகள்'. காலையில் வீதியோரத்தில் உடல் கிடக்கும். சுட்டவர் யார் என்று ஊருக்குத் தெரியும், வாய் திறக்க ஆள் இருக்காது. யார் செய்தது என்று நிறுவ முடியாவிட்டால் அதை எந்தத் தரப்பின் மீறலாகவும் குழுவால் பதிய முடியாது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்கள் இரண்டு தரப்பினர் மட்டுமே. அரச படைகளோடு சேர்ந்து இயங்கிய தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களை ஒரு மாதத்துக்குள் களைய வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரி காகிதத்தோடு நின்றுவிட்டது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் தேவாலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அத்தனை பேர் கூடியிருந்த தேவாலயத்தில், ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே அதுதான் கதி என்றால், முந்திரித் தோட்டத்து வேலியோரம் கிடந்தவனுக்காக யார் சாட்சி சொல்வார்கள்?

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடம் இதுதான். போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பது என்றால் துப்பாக்கிகளைக் கண்காணிப்பது மட்டுமல்ல. ஒருவர் எழுந்து வந்து, தன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதே ஒழுங்கை வழியே அதே வீட்டுக்குத்தான் அவர் திரும்ப வேண்டும். அன்றிரவு அவருக்கு யார் காவல்? உடன்படிக்கையில் விடை கிடையாது. மாவட்டம் தோறும் அமைத்த உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் ஐந்து பேர்: அரசாங்கம் நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், தலைமை தாங்க வெளிநாட்டவர் ஒருவர். இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்து பேசட்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் யார் மீது முறைப்பாடோ அவர்கள் நியமித்த ஆளும் அந்த மேசையில் இருந்தார்.

படைச் சேர்ப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் பலர் வயதை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டுப் பாடசாலைக்கு வருவார்கள். அவர்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. ஒன்பதாம் ஆண்டில் படித்த மகளைச் சந்தை வழியில் கூட்டிப் போயிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் போட்டு, அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார். நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்புக் குழுவிடம் போகிறீர்களா என்று கேட்டேன். போகிறேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா அவங்கட வெள்ளை வாகனம் மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது டீச்சர். கோயிலடிக்கு வரச் சொல்லுங்க" என்றார். கொடி கட்டிய வாகனம் அந்தக் கிரவல் பாதையில் திரும்பினாலே எந்தப் படலைக்குப் போகிறது என்று இரு கரையும் பார்த்துக்கொண்டிருக்கும். உதவ வந்தவர்களின் வருகையே அந்த வீட்டின் மேல் ஒரு அடையாளமாக விழுந்துவிடும். வீட்டில் இன்னும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். அவர் முறைப்பாடு செய்தாரா என்று நான் கேட்கவில்லை. இவரைப் போலத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது 3,830இலும் இல்லை, 351இலும் இல்லை.

செய்மதியால் இந்தத் தாய்க்கு என்ன செய்திருக்க முடியும்? கட்டுரையாளர் மெச்சும் கிழக்கு உக்ரைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2022 வரை ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பாளர்கள் அங்கே இருந்தார்கள். கமரா, ஆளில்லா விமானம் எல்லாம் வைத்து வெடிப்புகளை நாள்தோறும் எண்ணி அறிக்கை வெளியிட்டார்கள். ஓய்வூதியம் பெறுவதற்காக முதியவர்கள் இரு படைகளையும் பிரித்த தொடர்புக் கோட்டைக் கடக்கச் சோதனைச்சாவடிகளில் மணிக்கணக்காக வரிசையில் நின்றது அப்படியேதான் நீடித்தது. கருவி நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஷெல் விழுந்தது என்று அது காட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே போனது என்று ஒரு மனிதர்தான் சொல்ல முடியும். அந்த மனிதர் பயப்படாமல் சொல்ல வேண்டும்.

அதிகாரம் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் கட்டுரையாளரோடு ஓரளவு ஒத்துப்போகிறேன். 2006இல் அது வெளிச்சமாகியது. திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள். வயலும் குடிநீரும் இல்லாமல் தவித்தவர்கள் விவசாயக் குடும்பங்கள். மதகைத் திறக்கவென்று ஓகஸ்ட் 6இல் போன கண்காணிப்புக் குழுத் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் அங்கு நின்றபோதே அரச படைகளின் எறிகணைகள் அந்தப் பகுதியில் வந்து விழுந்தன. அதே நாட்களில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகுட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தே போனார்கள். பதினேழு பணியாளர்கள் கொல்லப்பட்ட இடத்துக்குப் போகக் குழுவுக்கு உடனே அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் அரச படைகளே பொறுப்பு என்று குழு தீர்மானித்தது, அரசாங்கம் மறுத்தது. ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணம் கப்பலை எதிர்பார்த்துச் சங்கக் கடை வாசலில் நின்றது.

கண்கள் கூடுதலாக வேண்டிய அந்த நேரத்தில்தான் கண்கள் குறைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் மே மாதம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்து நாட்டவர் செப்டம்பர் 1க்குள் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று புலிகள் நிபந்தனை விதித்தார்கள். 57 பேரில் 37 பேர் போக வேண்டியவர்கள். ஹென்றிக்சனும் சுவீடன்காரர், அவரும் போனார். கண்காணிக்கப்படுகிற ஒரு தரப்பு நினைத்தால் கண்காணிப்பாளரில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தால் அது என்ன ஏற்பாடு? மிஞ்சிய நோர்வே, ஐஸ்லாந்து நாட்டவரை வைத்துக்கொண்டு வடக்கையும் கிழக்கையும் பார்த்தார்கள். நவம்பரில் எங்கள் மாவட்டத்துக் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது ஷெல் விழுந்தது. அடுத்த மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் இடம்பெயர்ந்தோர் ஒரு இலட்சத்தைத் தாண்டினார்கள். எங்கள் பாடசாலைகள் முகாம்களாகின. அப்போதும் ஏட்டில் 'யுத்தநிறுத்தம்' நடைமுறையில்தான் இருந்தது! பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுத்து அரசாங்கம் முறைப்படி விலகியது 2008 ஜனவரியில். 16ஆம் திகதியோடு அது முடிந்தது, குழுவும் கிளம்பியது.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் 'மாற்று வழிகள்' பற்றி எழுதுவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு செய்தி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனேயில் நடந்த பேச்சுவார்த்தையில், சர்வதேச மன்னிப்புச் சபையின் முன்னாள் செயலாளர் நாயகம் இயன் மார்ட்டின் மனித உரிமைக்கான செயற்பாட்டுத் திட்டமொன்றை முன்வைத்தார். மனித உரிமை, மனிதாபிமானக் கோட்பாடுகள் பற்றிய பிரகடனமொன்றை வரைந்து தருமாறு இரு தரப்பும் அவரிடம் கேட்டன. ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். அந்த வேலை அதோடு நின்றது. பின்னர் எந்த அரசாங்கமும் அதைத் தூசு தட்டி எடுக்கவில்லை, புலிகளும் கேட்கவில்லை. யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழு ஒன்றும், மக்களின் முறைப்பாட்டைக் கேட்டு அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள குழு இன்னொன்றுமாகத் தனித்தனியே அமைந்திருந்தால் கிழக்கில் எது மாறியிருக்கும் என்று அவர் ஆராய வேண்டும். அதற்கு மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைப் பக்கம் வந்து அந்தக் காலத்துத் தாய்மாரிடம் பேசுவாரானால் ஆட்களைத் தேடிக் கொடுக்க நான் தயார். சந்திப்பைக் கோயிலடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கும் அவர்களில் சிலர் அப்படித்தான் விரும்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மட்டக்களப்பு.