ஏரிக்கரைக்கு மறுவாரமும் வந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஏரியைச் சுத்தம் செய்த முதல் நாள் கரை கொள்ளாத கூட்டம். அன்று வந்த எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தவர்கள், அதற்கடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்தவர்கள்.

அள்ளிப் போட்ட ஆகாயத்தாமரை திரும்பவும் படர்ந்து வந்தபோது எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நீரில் சத்து மிகுந்திருந்தால் ஏறக்குறைய இரண்டே வாரத்தில் அது இருமடங்காகிவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் கண்ணால் பார்க்கத் தாங்கவில்லை. அப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அதுக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது, டீச்சர்?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் வரத்துக் கால்வாய் வரை போனோம்.

பிள்ளைகளே, முதல் நன்றி உங்களுக்குத்தான். நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அறிய, கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய 20 செ.மீ. தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வாராவாரம் எழுதி வைத்தீர்கள். 1865இல் இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ செக்கி கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே முறை அது. விடியுமுன் வந்து கரைந்த ஆக்சிஜனை அளந்தீர்கள். பகலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால் நண்பகல் அளவை நம்ப முடியாது. இரவெல்லாம் நீரிலுள்ள உயிர்கள் சுவாசித்த பிறகு, விடியலில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் மீனின் நிலையைச் சொல்லும். பல மீன்களுக்கு லிட்டருக்கு 5 மி.கி.யாவது வேண்டும். அதற்கும் கீழே போன நாளில் நீங்கள் யாரும் பேசாமல் வீட்டுக்குப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடிச்சேற்றில் நெளிந்த சிவப்புப் புழுக்களைக் கண்டு முகம் சுளித்த பெரியவர்களிடம், அவற்றின் உடலிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது, அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் பிழைக்கின்றன என்று விளக்கியவர்களும் நீங்களே.

அந்த இருட்டில் கூடவே வந்து, நீர்விளிம்பில் கயிறு பிடித்து நின்ற அப்பா அம்மாக்களே, நீங்கள் இல்லையென்றால் ஒரு நாள்கூட நான் துணிந்திருக்க மாட்டேன். அளவுமானியைக் கடன் கொடுத்து, அதைச் சரிபார்க்கவும் கற்றுத்தந்த கல்லூரி ஆய்வக உதவியாளருக்கும் நன்றி.

கால்வாய் நெடுக இடம் இடமாக நீர் எடுத்து, ஆகாயத்தாமரைக்குச் சாப்பாடாகும் பாஸ்பேட் எவ்வளவு என்று பார்த்தோம். ஓரிடத்துக்கு மேலே குறைவு, கீழே அதிகம். நடுவே ஒரு சலவைக்கூடத்தின் கழிவுநீர்க் குழாய். உரிமையாளர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவரோ பிள்ளைகளின் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். பிறகு தம் செலவிலேயே மணலும் சல்லியும் நிரப்பிக் கோரை நட்ட வடிகட்டும் தொட்டி ஒன்றைக் கட்டி, குழாயை அதற்குத் திருப்பிவிட்டார். ஐயா, நீங்கள் அன்று கதவைச் சாத்தியிருந்தால், நியாயம் கேட்டுப் பயனில்லை என்பதே பிள்ளைகள் கற்ற பாடமாகியிருக்கும். நீங்கள் செய்த உதவி தொட்டியைவிடப் பெரிது.

கரையோரக் கோரையையும் சேர்த்துப் பிடுங்கப் போன எங்களைத் தடுத்த மீன்பிடிக்கும் பெரியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "மீன் முட்டை போடுறதே அங்கதாம்மா" என்றார். வேர் போனால் கரையும் சரியும் என்பதையும் அவர்தான் மண்ணைக் கிள்ளிக் காட்டினார். சுத்தம் என்றால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆகாயத்தாமரை இன்னும் முழுதாகப் போகவில்லை. சேற்றில் தங்கிய பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். அது தீரப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். அளவு நோட்டை எட்டாம் வகுப்பு இந்த வாரம் ஏழாம் வகுப்பிடம் ஒப்படைக்கிறது. சனிக்கிழமை விடியுமுன், வழக்கம்போல மதகருகே நிற்பேன்.

நன்றியுடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்