"நான் வர மாட்டீங்க"

ஆசிரியருக்கு வணக்கம்.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரிதான். ஆனால் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் புது மொழியின் இலக்கணம் மண்டையில் ஏறாது என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடமாக செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன், இலக்கணம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவன்.

பீகாரிலிருந்து 34 வயதில் எங்களிடம் ஒருவர் வந்தார். நான் வரும், நீ வரும், லோடு வரும் என்று ஒரே 'வரும்'மை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். லீவு வேண்டுமென்றால் "அண்ணா, நாளைக்கு நான் இல்லை வரும்" என்பார். இந்தியில் 'நஹீ' வினைக்கு முன்னால் நிற்கும், அந்த இடத்தில் நம்முடைய 'இல்லை'யைக் கொண்டுபோய் வைத்துவிட்டார், அவ்வளவுதான். நான் திருத்தவில்லை. "நாளைக்கு வர மாட்டீங்களா? ஏன் வர மாட்டீங்க?" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேட்பேன். அப்புறம் ஒருநாள் வந்து நின்று, "அண்ணா, நாளைக்கு நான் வர மாட்டீங்க" என்றார். மொத்த லைனும் சிரித்தது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. 'இல்லை வரும்' போய்விட்டது, காதில் விழுந்தது அதே உருவத்தில் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது, வால் மட்டும்தான் தப்பு.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கிங் சாக்பீஸை எடுத்து டேபிளிலேயே மாட்டேன், மாட்டான், மாட்டாங்க என்று எழுதிக் காட்டினேன். ரெண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார், இந்தியிலும் ஆளுக்குத் தகுந்த மாதிரி வினை மாறுமே. ஆனால் அது யோசிக்காமல் வாயில் வருவதற்கு இன்னும் நாலைந்து மாதம் ஆனது. தெரிந்துகொள்வதற்கும் தானாக வருவதற்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பலரும் ஏறவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது நம் ஊர்க்கதை மட்டும் இல்லை. 1980களில் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில், பிழைக்க வந்த பெரியவர்கள் 40 பேரின் பேச்சை நீண்ட காலம் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். ஜெர்மனியில் துருக்கிக்காரர்கள், இங்கிலாந்தில் பஞ்சாபிக்காரர்கள், இப்படி. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனாலும் எல்லோருமே வினையை மாற்றாமல் ஒரே வடிவத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கட்டத்துக்கு வந்தார்கள், நம்ம ஆளுடைய 'வரும்' மாதிரியே. அந்த ஆய்வில் இருந்த மொழியியலாளர்கள் வொல்ஃப்காங் கிளைனும் கிளைவ் பெர்டியூவும் இதற்கு 'அடிப்படை வகை' என்று பெயர் வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். நெதர்லாந்துக்குக் குடிபோன, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்த ஊர் மொழியான டச்சைக் கற்றதைப் பற்றி 1978இல் வந்த ஆய்வில், முதல் சில மாதங்களில் பின்தங்கியது 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்தான், பெரியவர்கள் அவர்களுக்கு முன்னால் போனார்கள். நாள்பட நாள்படச் சின்ன வயதில் தொடங்கியவர்கள் முந்துவார்கள், அதை மறுக்கவில்லை. அதற்காகப் பெரியவர்களுக்கு வராது என்று எழுதலாமா?

என்னுடைய ஆதங்கம் வேறு. இவர்கள் காதில் நாம் என்ன தமிழைப் போடுகிறோம்? "நீ எங்கே போகும்? இது எவ்ளோ ஆகும் தெரியும்?" என்று நாமே உடைத்துப் பேசுகிறோம். புரியட்டுமே என்றுதான் செய்கிறோம், ஆனால் சரியான வாக்கியமே காதில் விழாதவர் எதை வைத்துக் கற்றுக்கொள்வார்? அதைவிட மோசம், அவர்களிடம் நாள் முழுக்க வா, போ, எடு, சீக்கிரம் என்று ஏவல் மட்டும்தான். சின்னப் பையனைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊர் இது, இவர்களிடம் மட்டும் அந்த 'ங்க' காணாமல் போய்விடுகிறது. பிறகு இப்படி வேலைக்கு வந்த வடமாநிலப் பெண்களில் ஒருத்தி மளிகைக்கடைப் பெரியவரிடம் "அண்ணா, அரிசி குடு" என்றால், மரியாதை தெரியாதவள் என்று பேச்சு வாங்குகிறாள். எனக்கு இதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. அவள் கேட்டதைத்தானே அவள் சொல்கிறாள்? அவளிடம் யாராவது ஒருநாள் "குடுங்க" என்று சொல்லியிருக்கிறோமா?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வரிக்கு மறுப்புப் போடுங்கள், முடிந்தால் இப்படி வளர்ந்தபின் தமிழ் கற்றவர்களையே கேட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள்.

எங்கள் ஆள் போன வாரம் காலையில் வந்து, "அண்ணா, தம்பி இன்னைக்கு வர மாட்டான், அவனுக்குக் காய்ச்சல்" என்றார், கொஞ்சம்கூட நிறுத்தாமல். 'நான் தைச்ச பீஸ்' என்பது மட்டும் இன்னும் வரவில்லை. "நான் ஒரு பீஸ் தைச்சேன்ல, அந்தப் பீஸ்" என்று சுற்றி வருகிறார். நானும் "நீங்க தைச்ச பீஸா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர்,
திருப்பூர்