நற்கருணை வாங்கியபின் இரண்டு நிமிடம்

அன்பார்ந்த பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், பாடகர் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நம் கோவிலுக்கு எல்.இ.டி. திரையும் புது ஸ்பீக்கர்களும் வாங்கப்போவதாகப் போன ஞாயிறு அறிவிப்பில் கேட்டேன். என்னால் முடிந்ததைக் கொடுத்துவிடுவேன், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. காசு செலவில்லாத விஷயம். பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பமான நற்கருணையை வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தபின் எங்களுக்கு இரண்டு நிமிடம் அமைதி வேண்டும்.

இப்போது கடைசி ஆள் வாங்கித் திரும்புவதற்குள் நன்றிப் பாடல் தொடங்கிவிடுகிறது. பாட்டு முடிந்த கையோடு அறிவிப்புகள்: அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம், மறைக்கல்வித் தேர்வு, திருமண ஓலை, யாரோ தவறவிட்ட சாவிக்கொத்து. நாக்கில் நற்கருணை இன்னும் கரைந்திருக்காது. எந்த ஆண்டவரை வாங்கினோமோ அவரிடம் ஒரு வார்த்தை பேச இடமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போகிறோம்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு மாலைப் பூசை. நல்ல மழை. ஃபாதர் அப்பத்தைக் கையில் எடுத்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மைக் நின்றது, கீபோர்டில் அடியில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு நின்றது, ஃபேன்கள் மெல்ல ஓய்ந்தன. ஜெனரேட்டர் போட ஒருவர் பின்பக்கம் ஓடினார். அந்த இடைவெளியில் ஃபாதரின் சொந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டேன். பீடத்தின் இரண்டு மெழுகுதிரிகளைத் தவிர வெளிச்சம் இல்லை. பீடச்சிறுவன் மணியை ஆட்டினான். எப்போதும் மைக்கில் டிங் என்று தெறித்து முடிந்துபோகும் அதே மணி, அன்றைக்குக் கூரை வரை போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பக்கத்தில் ஒரு பாட்டி தரையில் நெற்றி பட விழுந்து, ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்றார். கைக்குழந்தைகள்கூடச் சத்தம் காட்டவில்லை. அப்புறம் ஜெனரேட்டர் வந்தது, எல்லாம் பழையபடி ஆனது. நான் மட்டும் இன்னும் அந்த ஒரு நிமிடத்திலேயே நிற்கிறேன்.

இது ஒருவனுடைய ரசனை என்று தள்ளிவிடாதீர்கள். உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தந்த திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று வற்புறுத்திய ஏடு. மக்கள் பங்கெடுக்கும் வழிகளாகப் பாடலையும் பதிலுரைகளையும் சொல்லும் அதே 30-ஆம் எண்ணில், உரிய நேரத்தில் காக்கும் பக்தி நிறைந்த மௌனத்தையும் சொல்கிறது. பூசைக்குரிய திருப்பலி நூலின் முன்பகுதியில் உள்ள பொது விதிகளில் 45-ஆம் எண், மௌனம் காக்க வேண்டிய நேரங்களை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: மன்னிப்பு வழிபாட்டில், ‘மன்றாடுவோமாக’ என்றபின், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பிறகு, நற்கருணைக்குப் பிறகு. அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் நற்கருணை மன்றாட்டை ஃபாதர் சொல்லும்போது பாட்டும் கூடாது, இசைக்கருவியும் கூடாது என்பது 32-ஆம் எண். அந்த மன்றாட்டின் நடுவில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது நம் கீபோர்டு ஓய்ந்ததை அந்த மழை நாளைத் தவிர வேறெப்போதும் நான் கண்டதில்லை.

பெரிய வெள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்று பாடும் வானவர் கீதத்தோடு மணிகள் அடங்கிவிடும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரை மரக்கட்டை ஓசைதான். அந்த நாட்களில் இசைக்கருவியைப் பாட்டுக்குத் துணையாக மட்டுமே வாசிக்கலாம். வெள்ளிக்கிழமை வழிபாடு வருகைப் பாடலே இல்லாமல் தொடங்கும். துணி இல்லாத வெறும் பீடத்தின் முன்னால் குரு முகங்குப்புற விழுவார். நாம் எல்லோரும் முழந்தாளில். இந்த வருடம் அந்த நேரத்தில் கீபோர்டில் ஒரு சோக மெட்டு வந்தது. வாசித்த தம்பி நல்ல மனதோடுதான் வாசித்தான், அவனை நான் குறை சொல்லவில்லை. வெறுமையாக இருக்கிறதே, நாம் எதையாவது கொடுப்போம் என்று நினைத்திருப்பான். தம்பி, அந்த வெறுமைக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

1969 ஏப்ரலில் இந்தியத் திருச்சபைக்கென்று பன்னிரண்டு மாற்றங்களை உரோமை அனுமதித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம், ஒரு முழந்தாள் மடித்து வணங்குவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம், மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம், தூபத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம். நம் மண்ணின் பக்தி எப்படிப்பட்டது என்று பார்த்து எடுத்த விஷயங்கள் இவை. இதில் எதற்கும் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

சத்தம் குறைந்தால் இளைஞர்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்று பேரவையில் ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியும். நியாயமான பயம்தான், நம் வீட்டுப் பிள்ளைகளாயிற்றே. ஆனால் பிரான்சில் தெய்சே என்ற சிற்றூரைப் பாருங்கள். அங்கே உள்ள துறவியர் நாளுக்கு மூன்று முறை செபிக்கிறார்கள். ஒவ்வொரு செபத்தின் நடுவிலும் நீண்ட மௌனம். கோடைக்காலத்தில் அங்கே வாராவாரம் கூடுகிற பெருங்கூட்டம் இளைஞர் கூட்டம். நம் பிள்ளைகளுக்கும் அமைதியாக இருக்கத் தெரியும். அதற்கு நாம் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கவில்லை.

திரை வாங்குங்கள், பெரியவர்களுக்குப் பாட்டு வரிகள் நன்றாகக் கண்ணில் படும். நற்கருணைக்குப் பிறகு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். அறிவிப்புகளை முடிவு மன்றாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள், அவற்றுக்கு உரிய இடமும் அதுதான்.

இன்னொன்று. நான் பீடச்சிறுவனாக இருந்தபோது உபதேசியார் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்து, மேலே வெண்சாம்பல் பூக்கும்வரை ஓலை விசிறியால் வீசச் சொல்வார். பிறகுதான் அதைத் தூபக் கலசத்தில் எடுத்து வைப்பார். சாம்பிராணி விழுந்ததும் புகை அடர்த்தியாக எழுந்து பீடத்தை மறைக்கும். இப்போது போடும் வில்லைக்கரியில் மருந்து நெடிதான் முந்திக்கொண்டு வருகிறது. அனுமதி கொடுத்தால் வரும் திருவிழாவுக்குக் கரி நான் கொண்டுவருகிறேன். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, பையன்களுக்கு மூட்டவும் கற்றுத்தருகிறேன்.

இப்படிக்கு,
இடப்பக்கத் தூணருகே தரையில் உட்காரும் உங்கள் பங்குக்காரன்