அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன மாசம் எடுத்த, புற்றுக் கட்டியை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் கழுத்துக் கட்டியும் வயிற்றுக் கட்டியும் ஒளிரவில்லை. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் அடங்கியிருக்கிறது. போய்விட்டது என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். நன்றி சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லையே.

எனக்கு வந்தது, பி-செல் என்கிற வெள்ளணுவில் கிளம்பும் 'பெரிய பி-செல் லிம்போமா' என்ற வகை. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் சேர்ந்த ஆர்-சாப் என்ற கீமோவை மூணு வாரத்துக்கு ஒருக்கா, ஆறு சுற்று கொடுப்பார்கள். பத்துக்கு ஆறு பேர் அதிலேயே குணமாகிவிடுகிறார்கள். நான் மிச்ச நாலில் ஒருத்தன். திரும்பி வந்த நோய் அடுத்த கீமோவுக்கும் மசியவில்லை. மசிந்திருந்தால், ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம்செல்லை ஏற்றும் மாற்றுச் சிகிச்சைக்குப் போயிருக்கலாம். அப்போதுதான் கோவையில் டாக்டரம்மா புது மருந்துச் சோதனை ஒன்று நடப்பதாகச் சொன்னார்.

"சோதனை எலியாக்கப் பாக்கறாங்க, வேண்டாம் மாப்ள" என்று ஒறம்பரை மொத்தமும் வந்து சொன்னது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் போக்கியது சோதனையின் கோ-ஆர்டினேட்டர் தங்கச்சி. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டிவிட்டு, பேனாவை மட்டும் தரவில்லை. "இன்னிக்கே கையெழுத்து வேண்டாங்கண்ணா. வீட்டுக்குக் கொண்டுபோயி அண்ணிகிட்ட படிச்சுக் காட்டுங்க. நடுவுல எப்ப வேணும்னாலும் வெலகிக்கலாம், அதுக்காக வைத்தியத்தை நிறுத்த மாட்டோம்" என்றார். மருந்தால் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 மருந்துச் சோதனை விதிகளில் இருப்பதையும் படிவத்தில் தொட்டுக் காட்டினார். அவர் அவசரப்படுத்தியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

அந்தப் படிவத்தை அலசி அனுமதித்த நெறிமுறைக் குழுவை நான் பார்த்ததே இல்லை. டாக்டர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவர் ஒருத்தரும் நம்மைப் போல் சாதாரண ஆள் ஒருத்தரும் அதில் கட்டாயம் இருக்க வேண்டுமாம். அந்தச் சாதாரண ஆளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

மருந்து ஒரு கையால் லிம்போமா செல்லையும் மறு கையால் நோயை எதிர்க்கும் நம் டி-செல் வெள்ளணுவையும் பிடித்து, இரண்டையும் முட்டவிடுகிற ரகம். இதே ரகத்தில் எப்கோரிட்டமாப், குளோஃபிட்டமாப் இரண்டும் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டன. நான் போட்டது இன்னும் வாங்காதது. டி-செல் கிளம்பினால் காய்ச்சல் தூக்கியடிக்கும், சிலருக்குப் புத்தி தடுமாறும். அதனால் ராத்திரி டூட்டி சிஸ்டர் நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். நடுங்கிக்கொண்டே "சாம்பார்ல உப்பு இல்லைங்க" என்று எழுதினேன். கையெழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தெளிவாத்தான் இருக்கறீங்க" என்று சிரித்தார். சிஸ்டர், அந்தச் சிரிப்புக்கு நன்றிங்க.

அடுத்த நன்றியை யார் பேருக்கு எழுதுவதென்றே தெரியவில்லை. எனக்கு முந்தி, சோதனையின் முதல் கட்டத்தில் இதே மருந்துக்குக் கை நீட்டியவர்கள். துளியூண்டு அளவில் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அவர்களிடம்தான் பார்த்தார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களுக்குப் போட்ட அளவு அவர்கள் நோயைத் தொடாமலே போயிருக்கலாம். அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், தெரிந்தேதான் போட்டிருப்பார்கள். எந்த ஊரோ, எந்த நாடோ, எத்தனை பேர் இன்று இருக்கிறார்களோ. எனக்கு ஏற்றிய அளவு அவர்கள் உடம்பில் கண்டுபிடித்தது.

பழைய கீமோவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தபோது ஷிப்ட் முடிந்த கையோடு வந்து படுத்துத் தங்கள் தட்டணுவைக் கொடுத்த ஒடிசா, பீகார் பனியன் கம்பெனிப் பசங்களே, உங்களுக்கும். பட்டறை முதலாளிக்கும், வேலை அப்படியேதான் இருக்குது என்று சொன்னவர், வேறு ஆளைப் போடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரசமும் கொள்ளுப் பருப்பும் வந்த தூக்குப்போசிகள் எங்கள் வீட்டு அட்டாலியில் குவிந்து கிடக்கின்றன. பாதியில் பேர் இல்லை. அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். பேர் வெட்டாத போசிக்கு வெட்டித் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பாத்திரப் பட்டறைத் தொழிலாளி ஒருவன்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.